பிதுக்குப் பருப்பும் இரண்டாம் பெட்டியும்

நான் காவேரிப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் நீங்கள் இருவரும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள். மாதேசன், "என்ன தின்னீங்க?" என்பான். சரசு, "என்ன சமைச்சீங்க?" என்பாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, "என்ன படம் பாத்தீங்க? எது நல்லா இருந்துச்சு?" என்பீர்கள். இந்த மார்கழியில் என்னால் வர முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். அம்மா அடுப்படியில் இருக்கும்போது மாதேசன் உரக்கப் படிக்கட்டும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா எட்டாவதோடு நின்றவன்.

முதலில் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், கடைசி வரை படியுங்கள்.

பொங்கல் லீவுக்கு உங்களை உத்தனப்பள்ளிக்கு அழைத்து வந்து, நம் சினிமாக் கொட்டாயில் முன்னால் மணலில் உட்கார வைத்துப் படம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? அந்தக் கொட்டாயே பொங்கல் வரை இருக்காது போலிருந்தது. கார்த்திகையில் போட்ட இரண்டு படத்துக்கும் கூட்டமே இல்லை. பெஞ்சில் நாய்தான் படுத்திருந்தது. உங்கள் சின்னசாமி மாமாவுக்குக் கோபம் மூக்கின் மேல் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"மாப்ளே, இதான் கடைசிப் படம். வெள்ளிக்கிழமை போடறோம். இதுக்கும் ஜனம் வரலைன்னா திங்கக்கிழமை கொட்டாயப் பிரிச்சுடுவேன். வண்டிக்காரன்கிட்டச் சொல்லிட்டேன். மெஷின எவனுக்காவது தள்ளிட்டு, ஊருக்குப் போயி மாங்கா மரத்துக்குத் தண்ணி ஊத்தறேன்" என்றார்.

அவருக்கு அந்த வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. படப்பெட்டி எப்போதும் சேலத்திலிருந்து வரும். இந்தத் தடவை பெட்டி பெங்களூரில் ஓடி முடிந்து அங்கேயே இருந்தது. "நீ போய் எடுத்துக்கினு வா" என்று என்னை அனுப்பினார். டிக்கெட் கிழிக்கிறதும், மணல் கொட்டுகிறதும், ஆட்களுக்குக் களி கிண்டுகிறதும்தான் என் வேலை. பெட்டி எடுக்கப் போவது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போது மெஷின் ஓட்டும் காதர் பாய், "ஃபிலிம் அறுந்தா ஒட்டற பசை தீந்துபோச்சு. ஒரு பாட்டில் வாங்கியா" என்றார். அந்தப் பாட்டில்தான் பின்னால் அத்தனை கூத்துக்கும் காரணம்.

புதன்கிழமை மத்தியானம் ஓசூரில் பஸ் மாறி, இருட்டுவதற்குள் பெங்களூர் போய்விட்டேன். அங்கே குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். நம் ஊரில் மார்கழிக் குளிர் காதோடு நிற்கும். அங்கே பல்லுக்குள் போகிறது. ஆனால் அந்த ஊரில் பசி நன்றாக எடுக்கிறது. இதை நான் ஒரு வசதியாகவே நினைக்கிறேன்.

காலையில் மார்க்கெட் பக்கம் ஒரு ஹோட்டலில் நுழைந்தேன். சர்வர் கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டான். நான் ஓசூர்க் கன்னடத்தில் பதில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அண்ணா, எந்த ஊரு, ராயக்கோட்டையா?" என்று நல்ல தமிழில் கேட்டான். அவனுக்கு மாலூராம். அம்மா தெலுங்காம். என் கன்னடத்தைப் பார்த்து அவனுக்குப் பாவமாகிவிட்டது.

ஒரே தட்டில் ஒரு பக்கம் காராபாத், ஒரு பக்கம் கேசரிபாத் வைத்தான். இரண்டும் ரவைதான். ஒன்றில் மிளகாய், கத்தரிக்காய், பட்டாணி. மற்றதில் சர்க்கரை, நெய், முந்திரி. காரம் தின்று நாக்கு எரியும்போது கரண்டியைப் பக்கத்தில் நகர்த்தினால் இனிப்பு. நெய் விரலில் ஒட்டியது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கலந்துபோன இடம் இருக்கும் பாருங்கள், அதுதான் நன்றாக இருந்தது. அதை நான் கடைசிவரை வைத்திருந்து தின்றேன்.

சாம்பாரில் மட்டும் வெல்லம் போடுகிறார்கள். "என்னப்பா, பாயசத்துல பருப்பு விழுந்துடுச்சா?" என்றேன். சர்வர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ஊரு சாம்பார் குடிச்சா எங்களுக்குக் கண்ணுல தண்ணி வருது. நாங்க எதுனா சொன்னமா?" என்றான். நியாயம்தான். இந்த மாதம் தின்றதில் அந்தத் தட்டுக்கே முதல் இடம் என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்த முடிவை இரண்டு நாளில் மாற்ற வேண்டி வந்தது.

படக்கம்பெனிக் கிடங்கில் இன்னொருவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். பெயர் நாராயணப்பா. வேப்பனப்பள்ளியில் நம்மைப் போல் ஒரு கொட்டாய் வைத்திருப்பவர். அதே படத்துக்குத்தான் வந்திருந்தார். ஆனால் அங்கே ஜனம் தெலுங்கு பேசுகிறவர்கள். இந்தப் படத்தை அதே நடிகர்களை வைத்துத் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தமிழ்ப் பெட்டி இரண்டு, அவருக்குத் தெலுங்குப் பெட்டி இரண்டு. நாலும் ஒரே மாதிரி தகரப்பெட்டி. நாலின் மேலும் கதாநாயகி கண்ணீர் விடுகிற ஒரே படம் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ் என்று தெரிந்ததும் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விட்டது. அவர் வீட்டில் கொள்ளு ரசத்தில் மாவடு போடுவார்களாம். நான் நம்பவில்லை.

கிடங்கில் பெட்டியைக் கொடுத்தது வெள்ளிக்கிழமை காலையில்தான். பஸ் கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி நம் எல்லைக்கு வந்து நின்றது. மைசூர் ராஜ்யத்துப் பக்கம் சாராயம் உண்டு. நம் பக்கம் மதுவிலக்கு. அதனால் வருகிற பஸ்ஸையெல்லாம் போலீஸ் நிறுத்திப் பார்க்கும். ஒரு கான்ஸ்டபிள் ஏறி மூக்கை உறிஞ்சினார். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"பையில என்னா?"

"பசைங்க."

பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஃபிலிம் பசை எப்படி மணக்கும் தெரியுமா? நன்றாகப் பழுத்து வெடித்த வாழைப்பழம் மாதிரி, அதற்கு மேல் மண்டையில் ஏறுகிற ஒரு நெடி.

"வாழப்பழத்துலகூட காய்ச்ச ஆரம்பிச்சுட்டீங்களா? பசைங்கறான் பாரு! இதக் குடிச்சா குடலு ஒட்டிக்குமா?"

"குடிக்கறது இல்லீங்க, சினிமா ஒட்டறது."

"சினிமாவ எதுக்குய்யா ஒட்டற? எறக்குடா மேல இருக்கற பொட்டியெல்லாம்!"

கிளீனர் நாலு பெட்டியையும் கீழே இறக்கினான். கான்ஸ்டபிள் ஒவ்வொரு டின்னாகத் திறந்து, ஃபிலிமைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பாட்டிலை இன்னொரு முறை முகர்ந்தார். தும்மல் வந்தது. அடுக்கடுக்காகத் தும்மினார். பஸ்ஸில் இருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. "போ, போ, எடுத்துக்கினு போ" என்று விரட்டினார். கிளீனர் பெட்டிகளை அவசரமாக மேலே தூக்கிப் போட்டான்.

ஓசூரில் நான் இறங்கினேன். கிளீனர் இரண்டு பெட்டியை இறக்கிக் கொடுத்தான். நான் கவனமாகத்தான் பார்த்தேன். ஒன்றில் 1 என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 2. சரி என்று வாங்கிக்கொண்டேன். எண்ணுக்குத் தமிழ் ஏது, தெலுங்கு ஏது! நாராயணப்பா ஜன்னலில் கை ஆட்டிவிட்டுக் கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விட்டார்.

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளிக்கு வந்த பஸ் வழியில் கொதித்து நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். ஒரு கிழவர் மட்டும், "டிக்கெட்டு வாங்கினது ஒக்காரத்தான், தள்றதுக்கில்ல" என்று கடைசிவரை இறங்கவே இல்லை. கொட்டாய்க்கு நான் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்து, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. காதர் பாய் டின்களை வரிசையாக எண் பார்த்து அடுக்கினார்.

அன்றைக்குக் கூட்டம் பரவாயில்லை. பாதிக் கொட்டாய்க்கு மேல் நிறைந்திருந்தது. உங்கள் மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக நின்று தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவரைக்காய்க் காலம் இது. இந்தப் பக்கத்தில் பெண்கள் ஊறவைத்த அவரைக்கொட்டையை முறத்தில் எடுத்துக்கொண்டுதான் படம் பார்க்க வருவார்கள். கண் திரையில் இருக்கும். விரல் கொட்டையைப் பிதுக்கும். தோல் மணலில் விழும், பருப்பு மடியில் விழும். சோகமான இடத்தில் மெதுவாகப் பிதுக்குவார்கள், சண்டை வந்தால் வேகமாக. பெண்கள் பக்கத்திலிருந்து வரும் அந்தச் 'சளக் சளக்' சத்தத்தைக் கேட்டே படம் எப்படிப் போகிறது என்று நான் வெளியில் இருந்து சொல்லிவிடுவேன்.

படத்தின் கதையைச் சொல்கிறேன். ஒரு பண்ணையார். அவர் மகள் ஒரு சமையல்காரர் மகனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவள் அப்பாவுக்கு ஆசையாகச் சமைத்துப் போட்டுச் சம்மதம் கேட்கும் நாளில், அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்லை!" என்று இலையை வீசி எறிகிறார். அவள் வீட்டை விட்டுப் போகிறாள். இது வரை எல்லாம் நல்ல தமிழ்.

நம்மிடம் ஒரே மெஷின் என்பதால் நடுநடுவே விளக்கைப் போட்டு ரீல் மாற்றுவோம். அப்படி ஒரு தடவை மாற்றி விளக்கை அணைத்ததும், கதாநாயகன் வந்தான், வாயைத் திறந்தான், தெலுங்கு பேசினான்.

சளக் சளக் சத்தம் நின்றது.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "டேய், இடைவேளைல இவன் ஆந்திராக் குப்பத்துக்குப் போயிக்கினு வந்துட்டான்டா!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதாநாயகியும் தெலுங்கு பேச, சிரிப்பு நின்றது. "படத்த மாத்து!", "ஏமாத்தறீங்களா?" என்று குரல்கள். எவனோ மணலை அள்ளித் திரையில் வீசினான். எல்லையில் தும்மிக்கொண்டு நின்ற கான்ஸ்டபிளும், கிளீனர் தூக்கிப் போட்ட பெட்டிகளும் கண் முன்னால் வந்தன.

உங்கள் மாமா மெஷின் ரூமுக்கு ஓடி வந்தார். "நிறுத்து பாய்! எல்லாம் போச்சு. திங்கக்கிழமை எதுக்கு, நாளைக்கே பிரிச்சுடலாம்!"

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். வெங்கடம்மா. கொட்டாய் வாசலில் வேர்க்கடலை விற்கிறவள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர். வீட்டில் பேசுவது தெலுங்கு. அவள் ஊர்க்காரர்கள் ஒரு இருபது பேர் ஒவ்வொரு படத்துக்கும் அவள் கூடவே நடந்து வந்து பின்னால் உட்காருவார்கள். அவர்கள் இருப்பதையே நாங்கள் கவனித்தது இல்லை.

"யாருடா அது மண்ண வீசறது? சும்மா ஒக்காரு!" என்றாள். "இத்தினி நாளா எங்க ஊருக்காரங்களுக்கு நான் தமிழ்ப் படத்த தெலுங்குல சொல்லிக்கினே பாக்கல? ஒரு நாளாச்சும் மண்ணு வீசினோமா? இன்னிக்குப் பாதி நீங்க கேளுங்க. நான் சொல்றேன்."

பின்னாலிருந்த அவள் ஊர்க்காரர்கள், நிறுத்தாதே, நிறுத்தாதே என்று தெலுங்கில் கத்தினார்கள். அவர்கள் வாயைத் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

காதர் பாய் மெஷினை நிறுத்தவில்லை. உங்கள் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெங்கடம்மா மூங்கில் தடுப்பின் ஓரம் வந்து நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சும்மா சொன்னாளா? "வீட்டு வாடகை குடுக்க வழியில்லையாம், இந்தத் தடியன் மீசைய முறுக்கறான்", "இவ ஓட்டல் வெக்கறேங்கறா, புருசன் வேணாங்கறான், அவனுக்கு என்னா தெரியும்" என்று தன் கருத்தையும் சேர்த்தே சொன்னாள். ஆண்கள் பக்கத்திலிருந்து, "அக்கா, அவன் சொன்னத மட்டும் சொல்லு!" என்றார்கள். "சொன்னதுதான்டா! வாயால சொல்லல, மூஞ்சியால சொன்னான்" என்றாள்.

பாட்டு வந்தது. மெட்டு அதேதான், வார்த்தை தெலுங்கு. பாட்டுப் புத்தகம் வாங்கியிருந்தவர்கள் தமிழில் பாட, பின்னாலிருந்தவர்கள் தெலுங்கில் பாட, கொட்டாய்த் துணி உப்பிக்கொண்டு எழும்பிவிடும் போல இருந்தது. சளக் சளக் மறுபடி கேட்டது. அர்த்தம் கேட்பதற்காகப் பெண்கள் நகர்ந்து நகர்ந்து வெங்கடம்மாவைச் சுற்றியும் அவள் ஊர்ப் பெண்களைச் சுற்றியும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மடியும் முறமும் இடித்துக்கொண்டன. யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் பண்ணையார் சொத்தெல்லாம் இழந்து, பார்வையும் மங்கி, பசியோடு ஒரு ஓட்டலுக்கு வருகிறார். மகள் நடத்துகிற ஓட்டல்தான் அது. அவருக்குத் தெரியாது. அவள் பேசாமல் இலை போடுகிறாள். சோறு, ரசம். ஒரு வாய் வைக்கிறார். கை நிற்கிறது. முகத்தை மெதுவாகத் தூக்கி, தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஓவென்று அழுதார்கள்.

வெங்கடம்மா சொல்லவில்லை.

"என்னா சொன்னான்? அக்கா, என்னா சொன்னான்?" என்று கொட்டாயே கேட்டது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் மாமாவே பொறுக்கமாட்டாமல், "அட, சொல்லும்மா!" என்று கத்திவிட்டார்.

"உப்பு சரியா இருக்குதுங்கறான்" என்றாள் வெங்கடம்மா.

அதற்கப்புறம்தான் நாங்கள் அழுதோம். பின்னாலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த மாதம் பார்த்ததில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், படத்தைச் சொல்வதா அந்தக் கொட்டாயைச் சொல்வதா, எனக்கே தெரியவில்லை.

விளக்கைப் போட்டதும் ஒரு சண்டை. பிதுக்கிய பருப்பெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. யாருடையது எது? "என்னுது பெரிய கொட்டை", "என்னுது நாட்டு அவரை" என்று ஆரம்பித்தார்கள். முடிவுக்கு வரவில்லை. வெங்கடம்மா எல்லாவற்றையும் ஒரு கூடையில் வாரி என் கையில் கொடுத்தாள். "நீதான நல்லா ஆக்குவியாமே. நாளைக்கு ஆக்கி வையி, எல்லாரும் வந்து திங்கறோம்."

சனிக்கிழமை காலை ஆக்கினேன். சரசு, நீ கேட்பாய், எப்படி என்று. வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தேங்காய், கசகசா, மல்லி, மிளகாய், ஒரு துண்டு பட்டை எல்லாம் மையாக அரைத்து ஊற்றி, பருப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் கரைந்துபோகும். கரண்டியை அடிக்கடி விடக் கூடாது. பருப்பு வெந்து, ஆனால் முழுசாக, வெண்ணெய் மாதிரி வாயில் உடைய வேண்டும். உப்பை மட்டும் அன்றைக்கு மூன்று தடவை பார்த்தேன்.

களி உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது நாராயணப்பா கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் மாறி மாறி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏமய்யா, எங்க ஊருல கதாநாயகி பாதியில தமிழு பேச ஆரம்பிச்சுட்டா! ஜனம் என்னைத் தொரத்துது!"

"தொரத்திச்சா?"

"தொரத்தத்தான் வந்தாங்க. அப்பறம் எங்க பள்ளிக்கூட வாத்தியாரு எழுந்து தெலுங்குல சொன்னாரு. ஆனா அந்த ஆளுக்கு அழத் தெரியாது. கடேசி சீனை பாடம் நடத்தற மாதிரி சொல்லிட்டாரு. ஒருத்தருக்கும் கண்ணுல தண்ணி வரல."

உங்கள் மாமா முதுகு வலியை மறந்து சிரித்தார். நாராயணப்பாவைப் பாயில் உட்கார வைத்துக் களியும் குழம்பும் போட்டேன். ஒரு வாய் தின்றார். வாசலில் ஊர்ப் பெண்களும் வெங்கடம்மா ஊர்ப் பெண்களும் கிண்ணத்தோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உப்பு சரியாத்தான் இருக்குது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பாவம், அவர் பயந்துவிட்டார்.

பெங்களூர்த் தட்டு அப்போதுதான் இரண்டாம் இடத்துக்குப் போனது. யார் வயலில் விளைந்தது என்று தெரியாத அந்தப் பருப்புக்குத்தான் இந்த மாதம் முதல் இடம். நான் ஆக்கியது என்பதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

அன்றைக்கே இரண்டாம் பெட்டிகளை மாற்றிக்கொண்டோம். நாராயணப்பா கிளம்பும்போது மாமா அவரைத் தனியே அழைத்துப் பேசினார். சனி, ஞாயிறு தமிழ்ப் படத்தை முழுதாக ஓட்டுவது. திங்கட்கிழமை நாலு பெட்டியும் இடம் மாறும்: இங்கே முழுக்கத் தெலுங்கு, வேப்பனப்பள்ளியில் முழுக்கத் தமிழ். அங்கேயும் வெளியூரிலிருந்து வந்து கூலி வேலை செய்கிற தமிழ் ஜனங்கள் இருக்கிறார்களாம். அவர்கள் இருப்பதை அவரும் அதுவரை கவனித்தது இல்லையாம்.

வெள்ளிக்கிழமை பார்த்தவர்களே சனிக்கிழமையும் வந்தார்கள், பண்ணையார் தமிழில் எப்படிச் சொல்கிறார் என்று கேட்பதற்கு. "வெங்கடம்மா சொன்னதுதான் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மாட்டு வண்டிகள் கொட்டாய் முன்னால் வந்து நின்றன. மூங்கிலையும் துணியையும் ஏற்றிப்போக மாமா முன்பே சொல்லி வைத்திருந்த வண்டிகள். எல்லா அமளியிலும் அவற்றை நாங்கள் மறந்தே போயிருந்தோம். வண்டிக்காரர், "சாமி, பிரிக்க ஆரம்பிக்கலியா?" என்றார். மாமா வண்டிகளைப் பார்த்தார், கொட்டாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் போங்க. வெங்கடம்மா ஊரு. கெழவிங்க, கைக்குழந்தக்காரிங்க எல்லாம் நடக்க முடியாம வீட்லயே இருக்காங்களாம். ஏத்திக்கினு வாங்க. தெலுங்குப் படம்" என்றார்.

அன்றைக்கு உட்கார மணலில் இடம் இல்லை. கயிற்றை அவிழ்த்து வேலியைத் தள்ளிக் கட்டினோம்.

ஆகவே பிள்ளைகளே, கொட்டாய் இருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் அம்மாவோடு புறப்பட்டு வாருங்கள். அதே மாட்டு வண்டியை பஸ் நிற்கும் இடத்துக்கு அனுப்புவதாக மாமா சொல்லியிருக்கிறார். வெங்கடம்மாவுக்கு இரண்டு பக்கமும் உங்கள் இரண்டு பேருக்கும் இடம் சொல்லி வைத்துவிட்டேன். வரும்போது அவரைக்கொட்டை ஊறவைத்து எடுத்து வாருங்கள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு படம் பார்த்தால் அவள் திட்டுவாள்.